காசு எங்கே போகும் என்றவரிடம் எழுத்தில் வாங்குங்கள்

சுங்கை வே இளைஞர்கள் பலருக்கு இப்போது வீடே அலுவலகம். கல்யாண வீடியோ, கடை லோகோ, திருவிழா பேனர், யூடியூப் எடிட்டிங், மொழிபெயர்ப்பு என்று ராத்திரி பகலாக வேலை ஓடுகிறது. வேலை கொடுப்பவர் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கடை வைத்திருப்பார். பேச்செல்லாம் வாட்ஸ்அப் குரல்பதிவில்தான். "செஞ்சு குடு தம்பி, காசு எங்க போகப் போகுது?" தம்பியும் செய்து கொடுத்துவிடுவார். மூன்று மாதம் கழித்து அந்தக் காசைத் தேடி அலைவதும் தம்பிதான்.

சுங்கை வேயில் 1972இல் தொடங்கிய தடையற்ற வர்த்தக மண்டலத்தில் அப்பா அம்மா வேலை பார்த்தபோது இபிஎஃப்பும் சொக்சோவும் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டன. சம்பளம் வராவிட்டால் தொழிலாளர் அலுவலகம் இருந்தது. அதே நினைப்பில் பிள்ளைகளும் முதலில் அங்கேதான் ஓடுகிறார்கள். பிறகு பயனீட்டாளர் நடுவர் மன்றம், பிறகு போலீஸ் நிலையம். பயனீட்டாளர் மன்றம் பொருளோ சேவையோ வாங்கியவருக்கானது, விற்றவருக்கு அங்கே வழியில்லை. போலீஸ் இதை சிவில் விவகாரம் என்று கைகழுவும். 'இது எங்க வேலை இல்லை' என்று சொல்லத் தெரிந்த கவுண்டர்களுக்கு, யாருடைய வேலை என்று சொல்ல மட்டும் வாய் வருவதில்லை.

ஆனால் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகச் சிலருக்கு ஒரு காரணம் உண்டு. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் 101சி என்ற பிரிவு இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல், உங்கள் வேலை நேரத்தை வேலை கொடுப்பவரே தீர்மானித்து, கருவியும் அவரே கொடுத்து, மாதாமாதம் பணமும் கொடுத்து வந்தால், பெயருக்கு 'ஃப்ரீலான்ஸ்' என்றாலும் உங்களைத் தொழிலாளராகக் கருத அந்தப் பிரிவு இடம் தருகிறது. இப்படி இருப்பவர்கள் அதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

மற்றவர்கள் போகவேண்டிய இடம் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு. 2012 நீதிமன்ற விதிகளின் 93ஆம் ஆணைப்படி 5,000 வெள்ளி வரை தனிநபர் இங்கே வழக்குப் போடலாம். வக்கீல் தேவையில்லை, வக்கீலை வைத்துக்கொள்ளவும் முடியாது. நிரப்பவேண்டியது 198ஆம் பாரம். எதிராளி 199ஆம் பாரத்தில் பதில் தரவேண்டும், அதற்கு 14 நாள் தவணை.

பாரத்தைத் தொடுவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. முதலாவது கோரிக்கைக் கடிதம்: என்ன வேலை, என்றைக்குக் கொடுத்தீர்கள், எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டாவது, பலர் கோட்டை விடும் இடம்: எதிராளியின் சரியான பெயர். கடைப் பலகையில் ஒரு பெயர் இருக்கும், நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மின் பதிவில் வேறொன்று இருக்கும். சிறு கட்டணம் கட்டி எஸ்எஸ்எம்மில் தேடி, உரிமையாளர் பெயரையும் பதிவு எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் பேச்சை அச்செடுங்கள். குரல்பதிவில் இருப்பதைத் தேதியோடு எழுதிவையுங்கள். போனைத் தொலைத்துவிட்டு வந்து நிற்காதீர்கள்.

பணத்தைவிடப் பெரிய பொறி பதிப்புரிமையில் இருக்கிறது. 'நான் வரைந்தது, எனக்குத்தான் சொந்தம்' என்று நம்பாத டிசைனரை நான் பார்த்ததில்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 26ஆம் பிரிவில் வேறு மாதிரி சொல்கிறது: ஒருவர் சொல்லிச் செய்த வேலை என்றால், மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை வேலை கொடுத்தவருக்கு மாறிவிட்டதாகவே கருதப்படும். லோகோவைச் சட்டையிலும் குவளையிலும் அச்சடித்து விற்கிறார், எனக்கு ஒரு காசு தரவில்லை என்று அழுபவர்களுக்குப் பதில் அங்கே இருக்கிறது.

இதற்கு மருந்து ஒரே வரி. குவோட்டேஷனிலேயே எழுதுங்கள்: "முழுத் தொகை கிடைக்கும்வரை பதிப்புரிமை வடிவமைப்பாளருடையது, அதன் பிறகும் குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதி." அனுப்பினால் போதாது. அவர் கையெழுத்துப் போடவேண்டும், குறைந்தது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று பதிலாவது எழுதவேண்டும். அதன் பிறகே கம்ப்யூட்டரைத் திறங்கள். வேலை முடிந்தபின் கேட்டால் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். மறுபடியும் சொல்கிறேன், வேலைக்கு முன்பே, எழுத்தில்.

உரிமை உங்களிடம் இருக்கும் படைப்பு என்றால் அறிவுசார் சொத்துக் கழகமான மைஇபோவில் தன்னார்வ அறிவிப்புச் செய்யலாம். 2012 ஜூன் 1 முதல் இந்த வசதி உண்டு. அலுவலகம் பெட்டாலிங் ஜெயாவிலேயே, பிஜே சென்ட்ரலில் இருக்கிறது. பாரத்தோடு படைப்பின் பிரதியும், சத்தியப் பிரமாண ஆணையர் முன் செய்த உறுதிமொழியும் வேண்டும். இது சாட்சிதான். 26ஆம் பிரிவில் இழந்ததை இது மீட்டுத் தராது.

எஸ்எஸ்எம் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதியவேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, தொழிற்பெயரில் 60. வருமான வரிக்கு நீங்கள் நிரப்பவேண்டியது பி பாரம், மாதச் சம்பளக்காரரின் பிஇ பாரம் அல்ல. ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருங்கள். சொக்சோ எனப்படும் பெர்கேசோவின் சுயதொழில் திட்டத்தில் அடிப்படைச் சந்தா மாதம் 13 வெள்ளி 10 காசு, விபத்துக்குப் பாதுகாப்பு. கேமராவோடு மோட்டார் சைக்கிளில் ஃபெடரல் ஹைவேயில் போகிறவர் இதைக்கூடக் கட்டாமல் இருப்பதற்கு எந்தச் சாக்கும் செல்லாது.

2025 ஆகஸ்ட் 28 அன்று மக்களவையில் நிறைவேறிய கிக் தொழிலாளர் சட்டம் புகைப்படம், காணொளி, மொழிபெயர்ப்பு போன்ற வேலைகளையும் சேர்த்திருக்கிறது. உங்கள் வேலை அதன் அட்டவணையில் வருகிறதா என்று மனிதவள அமைச்சில் கேளுங்கள். சட்டம் வந்துவிட்டதே என்று வாட்ஸ்அப் பேச்சிலேயே காலம் தள்ளாதீர்கள். அந்தச் சட்டமும் சேவை ஒப்பந்தத்தைத்தான் முதலில் கேட்கிறது.

பழைய பாக்கி இருப்பவர்களுக்கு: 1953ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி ஒப்பந்தக் கடனுக்கு ஆறு ஆண்டு வரை வழக்குப் போடலாம். பணம் தரவேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள். இன்வாய்ஸைத் தேடி எடுத்து, தேதியைப் பாருங்கள்.