நூறு பைல், ஒரு சோதனை
கண்ணுக்குத் தெரியாத கான்கிரீட் தூண் எவ்வளவு பாரம் தாங்கும்? கணக்கு ஒன்று சொல்கிறது, மண் வேறொன்று சொல்கிறது.

இடுக்கி மாவட்டத்துக் குமுளியிலோ பாலக்காட்டின் நெல்லியாம்பதியிலோ வீடு கட்ட வானம் தோண்டும் கொத்தனாருக்குக் கணக்குப் புத்தகம் தேவைப்படுவதில்லை. சில அடி ஆழத்தில் கடப்பாரை 'ணங்' என்று மோதினால் நிம்மதி. ஆனால் அனுபவசாலிகள் அந்த ஓசையை உடனே நம்பிவிடுவதில்லை. சரிவில் உருண்டு வந்து மண்ணில் புதைந்த குண்டுக்கல்லும் அதே ஓசையைத்தான் தரும். நாலு அடி தள்ளி இன்னொரு குழி தோண்டிப் பார்ப்பார்கள்.

இந்த மலைகளில் ஓடிவரும் பெரியாறு கடலை நெருங்கும் கொச்சி வட்டாரத்தில் நிலைமை வேறு. ஆறும் கடலும் சேர்த்துவைத்த சேறும் களிமண்ணும் அங்கே பல மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கின்றன. கடப்பாரைக்கு எட்டாத பாறையைத் தேடி 'பைல்' எனப்படும் கான்கிரீட் தூண்களை இறக்க வேண்டும். அது பாறையைத் தொட்டதா என்று எட்டிப் பார்க்க வழியில்லை.

விளைவு என்னவாகும் என்பதைக் கொச்சி மெட்ரோ காட்டியது. ஆலுவாவிலிருந்து பாலாரிவட்டம் வரையிலான அதன் முதல் தடம் 2017 ஜூனில் திறக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளுக்குள், 2022 பிப்ரவரியில், பத்தடிப்பாலம் அருகே 347வது தூண் இருக்கும் இடத்தில் தண்டவாளத்தில் லேசான சரிவு தென்பட்டது. அந்தத் தூணைத் தாங்கும் பைல் கடினப் பாறையைத் தொடவில்லை என்று நிலத்தடி ஆய்வு சொன்னதாகச் செய்திகள் வந்தன. அந்த இடத்தில் ரயில்களின் வேகம் குறைக்கப்பட்டது. கூடுதலாக நான்கு பைல்கள் இறக்கித் தூண் வலுப்படுத்தப்பட்டது.

அங்கே இருப்பவை துளையிட்டு கான்கிரீட் ஊற்றிய பைல்கள். முன்கூட்டியே வார்த்து, கனத்த சுத்தியலால் அடித்து இறக்கும் பைல் வேறு ரகம். துளையில் ஊற்றிய கான்கிரீட் மௌனமாக இருக்கும். அடிபடும் பைல் பேசும். ஓர் அடிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதுதான் அதன் பேச்சு. இறங்க மறுக்க மறுக்க, மண்ணின் எதிர்ப்பு அதிகம் என்று பொருள்.

இந்தப் பேச்சை எண்ணாக மாற்றும் சூத்திரம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. அமெரிக்க ரயில்வே பொறியாளர் ஆர்தர் வெலிங்டன் தந்தது அது. 'என்ஜினியரிங் நியூஸ்' சூத்திரம் என்று இன்றும் பெயர். நாலு டன் சுத்தியல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, பைல் 5 மி.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்தியை இறங்கிய தூரத்தால் வகுத்தால் 800 டன் வரும். ஆனால் சக்தியில் பெரும்பகுதி மோதலிலும் பைல் துள்ளி எழுவதிலும் வீணாகிறது. அதற்காக வெலிங்டன் 5 மி.மீட்டரோடு சுமார் 25 மி.மீ. சேர்க்கச் சொன்னார். 800 டன் 133 டன்னாகச் சுருங்குகிறது. பிறகு பாதுகாப்புக்காக ஆறால் வகுத்தால் 22 டன். ஒரே பைல், ஒரே அடி, மூன்று விடைகள். சூத்திரத்தின் மீது அதை எழுதியவருக்கே எவ்வளவு நம்பிக்கை என்பதற்கு அந்த ஆறே சாட்சி.

களிமண்ணில் சிக்கல் இன்னும் அதிகம். அடிக்கும்போது மண்ணிலுள்ள நீரின் அழுத்தம் ஏறி, களிமண் தற்காலிகமாக வலுவிழக்கிறது. பைல் வழுக்கிக்கொண்டு இறங்கும். சில நாட்கள் கழித்து நீர் விலகியதும் அதே மண் பைலை இறுகப் பிடித்துக்கொள்ளும். இறுகிய வண்டல் சிலவற்றில் நேர்மாறாக, முதல் நாள் காட்டிய முறுக்கு பிறகு தளர்ந்துவிடும். அதனால்தான் சில நாள் பொறுத்து மறுபடி அடித்துப் பார்க்கிறார்கள். 1960ல் அமெரிக்கரான ஈ.ஏ.எல். ஸ்மித் ஒவ்வோர் அடியையும் பைல் வழியே ஓடும் அலையாகக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். இன்று பைலின் தலையில் உணர்கருவிகளைப் பொருத்தி அந்த அலையை அளக்கிறார்கள்.

இத்தனைக்கும் மேலான நீதிபதி நேரடிச் சோதனைதான்: பைலின் மேல் உண்மையான பாரம் ஏற்றிப் பார்ப்பது. 'ஐ.எஸ். 2911' என்ற இந்தியத் தரவிதிப்படி, வழக்கமான சோதனையில் பைல் சுமக்க வேண்டிய பாரத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்ற வேண்டும். 600 மி.மீ. வரை விட்டமுள்ள பைல் 12 மி.மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. ஆனால் செலவும் நாளும் பிடிக்கும் வேலை. ஆகவே மொத்த பைல்களில் அரை சதவீதத்தைச் சோதித்தால் போதும், தேவைப்பட்டால் இரண்டு சதவீதம் வரை போகலாம் என்கிறது விதி. ஆயிரம் பைல் அடித்தால் ஐந்துக்குத்தான் பரீட்சை கட்டாயம். மிச்சம் 995ம் மண் ஆய்வையும், அடிக்கும்போது எழுதிய பதிவேட்டையும் நம்பியே நிற்கின்றன. அந்தப் பதிவேட்டில் ஒருவர் சோம்பலில் எழுதும் எண், மேலே போகும் பயணிகளின் தலையில் விடியலாம்.

தனித்தனி பைல் தேறினாலும் கதை முடிவதில்லை. சான்பிரான்சிஸ்கோவின் 58 மாடி மில்லெனியம் டவர் சுமார் 950 கான்கிரீட் பைல்கள் மேல் நிற்கிறது. எல்லாம் அடித்து இறக்கியவை. ஆனால் அவை பாறை வரை போகவில்லை, இறுகிய மணலோடு நின்றுவிட்டன. அதற்குக் கீழிருந்த களிமண் மொத்த பாரத்தில் நசுங்கியது. கட்டிடம் 16 அங்குலம் இறங்கிச் சாய்ந்திருப்பது 2016ல் ஊருக்குத் தெரிந்தது. பாறை வரை 18 புதிய பைல்கள் இறக்கி முட்டுக்கொடுக்கும் வேலை 2023ல்தான் முடிந்தது.

சூத்திரங்கள் பொய் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கின்றன. பைல் நின்றுவிட்டது என்பது ஒரு பதில். எதன் மேல் நிற்கிறது என்பது வேறு கேள்வி. அதைக் கேட்கத்தான் குமுளிக் கொத்தனார் நாலு அடி தள்ளி இன்னொரு குழி தோண்டுகிறார்.