ஆழ்கடலுக்கு யார் சொந்தம்? – 6: இருளில் பிறக்கிறதா ஆக்சிஜன்?

கடலடியில் உருளைக்கிழங்கு அளவில் சிதறிக் கிடக்கும் உலோக உருண்டைகளைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், தாமிரம் என்று பேட்டரித் தொழிலுக்கு வேண்டிய பல உலோகங்கள் அவற்றில் இருக்கின்றன. 2024 ஜூலையில் இன்னொரு செய்தி வந்தது: அவை ஆக்சிஜனையும் உண்டாக்குகின்றனவாம்!

ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவே, பசிபிக்கின் கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதி. ஆழம் சுமார் 4,000 மீட்டர். வெளிச்சம் எட்டாததால் ஒளிச்சேர்க்கைக்கு வழியே இல்லை. 2013-ல் ஆண்ட்ரூ ஸ்வீட்மன் என்ற கடலியலாளர் அங்கே ஆய்வுப் பெட்டிகளை இறக்கினார். பெட்டி சேற்றில் அழுந்தி, கொஞ்சம் தரையையும் அதன்மேல் நிற்கும் நீரையும் அடைத்துக்கொள்ளும். உள்ளே சிக்கிய உயிர்கள் சுவாசிக்கச் சுவாசிக்க ஆக்சிஜன் குறைய வேண்டும். ஆனால், அளவு ஏறியது. சென்சார்தான் கெட்டுவிட்டது என்று அவர் ஒதுக்கிவிட்டார். பிறகு வேறொரு முறையில் அளந்தபோதும் அதே முடிவு. சில பெட்டிகளில் இரண்டே நாளில் மூன்று மடங்குக்கு மேல் கூடியிருந்தது. நுண்ணுயிர்களை நஞ்சிட்டுக் கொன்ற பிறகும் ஏற்றம் நிற்கவில்லை.

அப்படியானால் காரணம் உருண்டைகளா? அவற்றின் மேற்பரப்பில் 0.95 வோல்ட் வரை மின்னழுத்தம் இருந்தது. கடல்நீரைப் பிளக்க ஏறக்குறைய 1.5 வோல்ட் தேவை. பல உருண்டைகள் சேர்ந்தால் அது சாத்தியம் என்பது ஸ்வீட்மன் குழுவின் வாதம்.

எதிர்ப்பும் உடனே கிளம்பியது. பெட்டி இறங்கும்போது காற்றுக் குமிழி சிக்கியிருக்கும் என்றார்கள் சிலர். பல லட்சம் ஆண்டுகளாகக் கிடக்கும் உருண்டைக்கு மின்னாற்றல் எங்கிருந்து தீராமல் வருகிறது என்று கேட்டார்கள் வேறு சிலர். ஆய்வுக்கு ஒரு பகுதி நிதி தந்த கனடாவின் 'தி மெட்டல்ஸ் கம்பெனி'யே முடிவை மறுத்தது. சுரங்க நிறுவனம் அப்படித்தான் சொல்லும் என்று தள்ளிவிட முடியாது. ஆற்றல் பற்றிய கேள்விக்குத் திருப்தியான பதில் இன்னும் வரவில்லை.

ஆழ்கடலைக் காக்க நினைப்பவர்கள் இந்த ஒற்றை ஆய்வைக் கொடியாகத் தூக்கிப் பிடிப்பது ஆபத்து. நாளை அது பொய்த்தால், கூடவே கடலடிச் சுரங்கம் பற்றிய நியாயமான எச்சரிக்கையும் சாய்ந்துவிடும். அதைவிட வலுவான சான்று அதே பகுதியில் கிடக்கிறது. 1979-ல் அங்கே ஒரு சுரங்க இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். 44 ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தால், அதன் தடம் அழியாமல் அப்படியே இருக்கிறது. சில உயிரினங்கள் மெல்லத் திரும்பத் தொடங்கியுள்ளன; பலவற்றுக்கு நேர்ந்த பாதிப்பு இன்னும் தீரவில்லை. அள்ளிய உருண்டைகளோ நம் காலத்தில் திரும்ப வரப்போவதில்லை. சில மில்லிமீட்டர் வளரவே அவற்றுக்குப் பத்து லட்சம் ஆண்டு ஆகும்.

இது நமக்கு எட்டாத விவகாரமல்ல. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் இந்த உருண்டைகளைத் தேடும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய சுரங்க வாகனம் 2021-ல் அங்கே 5,270 மீட்டர் ஆழத்தில் ஓடிக்காட்டியது. மூன்று பேரை 6,000 மீட்டருக்கு இறக்கும் 'மத்ஸ்யா 6000' தயாராகிவருகிறது. எடுக்கும் திறமை நம்மிடம் வந்துகொண்டிருக்கிறது. எடுத்தால் அங்கே என்ன அழியும் என்ற கணக்கும் அதே வேகத்தில் வர வேண்டும். அதைப் பொதுவெளியில் வைக்கவும் வேண்டும்.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலடியில் அனுமதிச் சீட்டு கொடுப்பது யார்? அடுத்த வாரம் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகருக்குப் போவோம்.

(தொடரும்)