தென்னையும் பனையும்: ஏறுகிறவரின் கணக்கு

குழித்துறைத் தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் தேங்காப்பட்டணம் அமைந்திருக்கிறது. ஒரு மரத்தின் காயையே தன் பெயராகச் சூடிக்கொண்ட இக்கடலோர ஊர், கன்னியாகுமரி மாவட்டத்து முஸ்லிம்களின் பழைய குடியிருப்புகளுள் ஒன்று. நாவலாசிரியர் தோப்பில் முஹம்மது மீரான் (1944–2019) பிறந்த ஊரும் இதுவே; அவர் பெயரின் முன்னே நிற்பதும் ஒரு தோப்புத்தான். மாவட்டத்தின் உள்நாட்டு ஊர்ப்பெயர்களிலோ 'விளை' என்னும் சொல் திரும்பத் திரும்ப வரும். வாய்க்கால் நீர் ஏறாத மேட்டு நிலமே விளை. அந்நிலத்தை, குறிப்பாக அகஸ்தீஸ்வரம் வட்டாரத்தில், நெடுங்காலம் ஆண்ட மரம் பனை. இன்று விளைகளிலும் தென்னை நிற்கிறது. மேற்கே ரப்பர் நிற்கிறது. மனைப்பிரிவுக் கற்களும் நிற்கின்றன. பனை ஏன் தோற்றது என்ற கேள்விக்கு மண்ணிலும் மழையிலும் விடை தேடுவதே வழக்கம். விடை அங்கே இல்லை என்பது என் கருத்து.

தென்னை, பனை, பேரீச்சை மூன்றும் தாவரவியலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அரபு நாட்டார் தென்னையைத் தம் ஈத்த மரத்தின் உறவாகவே கண்டனர். தேங்காய்க்கு அவர்கள் வழங்கிய பெயர்கள் 'நார்ஜீல்', 'ஜவ்ஸுல் ஹிந்த்' என்பன. பின்னதற்கு இந்தியக் கொட்டை என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா ஓமான் கடற்கரையை ஒட்டிய தோஃபார் பகுதியில் தென்னையைக் கண்டு வியந்து, தோற்றத்தில் அது ஈத்த மரத்தையே ஒத்தது என்று எழுதினார். அதன் நாரால் திரித்த கயிறு கொண்டு கப்பல்களின் பலகைகளைத் தைத்து இணைக்கும் முறையையும் அவர் குறித்திருக்கிறார். நம் கடற்கரைத் தென்னைக்கும் அரபுக் கப்பலுக்கும் இடையே ஓடிய உறவுக்கு அக்கயிறே சாட்சி.

ஆனால் தோற்றத்தை விடுத்து இயல்பை நோக்கினால் ஈத்த மரத்துக்கு நெருங்கிய உறவு பனைதான். தென்னையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே பாளையில் அமையும். ஈத்த மரத்திலும் பனையிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஈத்த மரத்துக்கு மனிதர் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். மதீனாவில் அவ்வழக்கம் கைவிடப்பட்டபோது விளைச்சல் குன்றியதும், உலகக் காரியங்களை அவற்றைச் செய்வோரே நன்கறிவர் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதும் ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் இடம்பெற்றிருப்பதை வாசகர்கள் அறிவார்கள். பனைக்கு அந்த உதவியும் தேவையில்லை. காற்றும் பூச்சிகளும் அதைச் செய்துவிடுகின்றன. ஆனால் நட்டது ஆணா பெண்ணா என்று பாளை விடும் வரை, அதாவது பன்னிரண்டிலிருந்து இருபது ஆண்டுகள் வரை, எவராலும் சொல்ல இயலாது. ஆண் பனை வீண் என்று எண்ணிவிட வேண்டாம். நுங்கு தராதே தவிர, அதன் பாளையும் பதநீர் தரும்.

வளர்ப்பு முறையில் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். தென்னைக்கு மூன்றடி ஆழ, அகலக் குழி. மரத்துக்கு மரம் இருபத்தைந்தடி இடைவெளி. ஓராண்டு வயதுள்ள நல்ல நாற்று. நெட்டை இனம் காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள், குட்டை இனத்துக்கு மூன்று, நான்கு. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ஐந்தாம் ஆண்டு முதல் நெட்டை மரம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ இட வேண்டும். கோடையில் தண்ணீர் தவறக் கூடாது. 1906இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்டு, வாய்க்கால் நீர் பரவிய பிறகு தென்னைக்கு இங்கே வாய்ப்பு பெருகியது. எனினும் அது நோயாளியான செல்லப்பிள்ளை. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடையும். சிவப்புக் கூன்வண்டு தண்டைத் தின்னும். 1998இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட ஈரியோஃபைட் சிலந்தி காயின் தோலைச் சொறியாக்கும். 2016இல் வந்த சுருள் வெள்ளை ஈ ஓலையில் கரும்பூசணம் படியச் செய்யும். கேரளத்திலிருந்து எல்லை தாண்டி வந்த வேர்வாடல் நோய்க்கோ இன்றளவும் மருந்தில்லை; நோய் முற்றிய மரத்தை வெட்டி அகற்றுவதே வழி.

பனைக்கு இவை எதுவும் வேண்டா. ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டையை எடுத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஓரடிக் குழியில் பத்தடிக்கு ஒன்றாகப் புதைத்தால் போதும். முளை மேலே வராமல் முதலில் கீழ்நோக்கி இறங்கும். அதனால்தான் வடலியைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவது எளிதன்று. முதல் சில ஆண்டுகள் ஆடு மாடு மிதியாமல் பார்த்துக்கொள்வதே பராமரிப்பு. பிறகு அது நூறாண்டு நிற்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் மாவட்டத்தைத் தாக்கியபோது தென்னையும் ரப்பரும் வாழையும் பெருமளவில் சாய்ந்தன. வேரோடு விழுந்த பனை அரிதாகவே கண்ணில் பட்டது.

பயன்களை முழுதும் எழுதப் புகுந்தால் இவ்விதழ் போதாது. தென்னையின் கருக்கும் தேங்காயும் எண்ணெயும் ஓலையும், கதம்பையிலிருந்து வரும் கயிறும் நாம் நாளும் கையாள்பவை. (கருக்கு என்றால் இவ்வட்டாரத் தென்னையில் இளநீர், பனையிலோ மட்டை ஓரத்தின் ரம்பப்பல். வெளியூர் மருமகள்கள் முதலில் திகைக்கும் இடம் இது.) பனையில் நுங்கு, பழம், கிழங்கு, நார், முறம், பெட்டி, பாய். வைரம் பாய்ந்த முதிர்ந்த தண்டு பழைய ஓட்டு வீடுகளின் கைமரமாய்த் தலைமுறைகளைத் தாங்கியது. ஏட்டுச்சுவடியை மறந்துவிடலாகாது. இறைவேத வசனங்கள் தொகுக்கப்படுமுன் எழுதப்பட்டிருந்த பொருள்களுள் ஈத்த மட்டையும் ஒன்று. தமிழ் எழுத்தைச் சுமந்தது பனையோலை.

அக்கானி என்று இங்கே வழங்கும் பதநீர் பற்றி நம்மவர் சிலருக்கு ஐயம் உண்டு. அதற்குச் சற்று இடம் கொடுக்க வேண்டும். பாளையிலிருந்து சொட்டும் சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் புளிப்பு தடைப்பட்டு இனிய பதநீராகவே நிற்கும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, பதநீருக்குத் தடையில்லை. மார்க்க நோக்கிலும் வேறுபாடு இவ்விடத்தில்தான். பேரீச்சையை நீரில் ஊறவைத்த 'நபீத்' மயக்கம் தரும் நிலையை அடையாதவரை அருந்தப்பட்டது. அந்நிலையை எட்டியது விலக்கப்பட்டது. ஒரே மரம், ஒரே சாறு. ஹலாலையும் ஹராமையும் பிரிப்பது ஒரு பிடி சுண்ணாம்பும் இறக்குகிறவரின் நேர்மையும்.

அந்த இறக்குகிறவரிடம்தான் என் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. தென்னையில் காய் பறிக்க ஏறத்தாழ நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை ஏறினால் போதும். ஆண்டுக்கு எட்டு முறை. பனையில் பாளையைக் கடிப்பால் நசுக்கிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் மெல்லிய சீவலாகச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் தவறினால் பாளை காய்ந்துபோகும். பருவம் ஐந்து மாதம் என்று கொண்டாலும் ஒரு மரத்துக்கு முந்நூறு ஏற்றம். முப்பது மரம் வைத்திருப்பவர் நாளொன்றுக்கு அறுபது முறை ஏறி இறங்குகிறார். மரம் ஐம்பதடி என்றால் தினமும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் செங்குத்தாக. கீழே அவர் வீட்டுப் பெண்கள் விறகு சேர்த்து, புகையில் நின்று, எட்டு லிட்டர் பதநீரைக் காய்ச்சி ஒரு கிலோ அளவுக்குக் கருப்பட்டி எடுக்கின்றனர். தவறி விழுந்தால் உயிர் போகும். அல்லது முதுகெலும்பு முறிந்து ஆயுள் முழுதும் படுக்கை. இத்தொழில் செய்தவரின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் மரம் ஏற மறுத்தனர். யார் அவர்களைக் குறை கூற முடியும்?

ஆக, தென்னை கேட்பது நீர், உரம், மருந்து. இவற்றைப் பணம் கொடுத்து வாங்கலாம். பனை மண்ணிடம் எதுவும் கேட்பதில்லை. ஒரு மனிதனின் உடலைக் கேட்கிறது. ஏறும் ஆள் அற்றுப்போனதும் நின்ற பனைகள் செங்கல் சூளைக்கு விறகாயின. தென்னைக்கும் ஆள் பஞ்சம் வந்தது. ஆனால் ஏறும் கருவி வந்தது, 2011இல் தென்னை வளர்ச்சி வாரியம் 'தென்னையின் நண்பர்கள்' என்று இளைஞருக்குப் பயிற்சி தந்தது. பனைக்கும் கருவிகள் செய்து பார்த்திருக்கிறார்கள். உச்சியை அடைந்தாலும் பாளையைச் சீவும் பக்குவம் கையில் அல்லவா இருக்கிறது!

2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 76 இலட்சம் பனை விதைகளை வழங்கும் திட்டத்தையும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதையும் அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் அவ்விதைகள் பாளை விடும் காலத்தில் ஏறப்போவது யார் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. வாய்க்கால் நீர் உள்ள நிலத்துக்காரரிடம் தென்னையை விட்டுப் பனை நடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குளக்கரை, மையவாடியின் எல்லை, வக்ஃபு நிலத்தின் நீரேறா மூலை ஆகியவை வேறு. அங்கே நாளைய வருமானத்தை எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஏற ஆளில்லாவிட்டாலும் மண்ணரிப்பைத் தடுத்து, தானாய் விழும் பழமும் ஓலையும் தந்து பனை நிற்கும். ஏற ஆள் உண்டென்றால் அவருக்கு உரிய கூலியும் காப்பீடும் தருவது ஜமாஅத்தின் கடமையாகும். கருப்பட்டியின் விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் அறுபது ஏற்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

கருப்பட்டி ஏன் அரைக்கோள வடிவில் இருக்கிறது என்று என் பேரன் கேட்டான். காய்ச்சிய பாகைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆறவிடுவார்கள், அதுதான் காரணம் என்றேன். அவன் கருப்பட்டிக் கட்டியைத் திருப்பிப் பார்த்து, அடியில் சிரட்டைக் கண்ணின் தடம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான்.