ஆங்கிலம்: மூன்றாம் வடிவத் தடுமாற்றம்

லெய்டா, லெய்னா? ஹங்கா, ஹேங்டா? பள்ளியில் மனப்பாடம் செய்த வினைச்சொல் பட்டியல் அலுவலகத்திலும் ஒப்பந்தத்திலும் தேர்வு அறையிலும் காலை வாரிவிடுகிறது. எந்தத் தவறு பொருளையே கெடுக்கிறது, எது வெறும் விவாதம்?

சுவரில் மாட்டிய படத்துக்கு ஒரு சொல், தூக்குமேடை ஏறியவனுக்கு வேறு சொல். இரண்டும் 'ஹேங்' என்ற ஒரே ஆங்கில வினையிலிருந்து பிறந்தவைதான். படமும் திரைச்சீலையும் ஈரத் துணியும் 'ஹங்'. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை தராமல் 1989-லும் 1996-லும் வாக்காளர்கள் அமைத்துக் கொடுத்த நாடாளுமன்றமும் 'ஹங்'தான். ஆனால் தூக்கிலிடப்பட்ட மனிதன் 'ஹேங்டு'.

இது இலக்கண வாத்தியாரின் பிடிவாதம் மட்டுமல்ல. மரண தண்டனையை எப்படி நிறைவேற்ற வேண்டும் என்று கூறிய 1973-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 354-வது பிரிவில் 'ஹேங்டு' என்ற சொல்லையே பயன்படுத்தியது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் அந்தச் சொல்லை மாற்றவில்லை.

வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம், அதாவது 'பாஸ்ட் பார்ட்டிசிபிள்', இந்தியாவில் ஆங்கிலம் படித்த எல்லோருக்கும் பழக்கமானதுதான். 'கோ-வென்ட்-கான்', 'சீ-சா-சீன்' என்று வகுப்பே கோரஸாக ஒப்பித்த பட்டியலின் கடைசிச் சொல். 1930-களில் வெளிவந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் தலைமுறை தலைமுறையாக இந்தப் பாடத்தை நடத்தி வருகிறது. வங்கித் தேர்வுகளிலும் மத்திய அரசுப் பணித் தேர்வுகளிலும் 'பிழையைக் கண்டுபிடி' என்ற பகுதிக்கு இந்தப் பட்டியல் வற்றாத சுரங்கம்.

பட்டியலில் ஒரே ஒரு குறை. வடிவங்களைச் சொல்லும், பொருளைச் சொல்லாது. ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு வினைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றால், மனப்பாடம் கைகொடுப்பதில்லை.

தமிழிலேயே இருக்கும் சாவி

குழப்பங்களில் முதலிடம் 'லை', 'லே' இரண்டுக்கும்தான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் சறுக்குகிறார்கள். தமிழருக்கு இது இவ்வளவு கடினமாக இருக்க வேண்டியதில்லை. தன்வினை, பிறவினை என்று தமிழாசிரியர் நடத்திய பாடத்தை நினைவுக்குக் கொண்டுவந்தால் போதும். 'லை' என்றால் கிட. 'லே' என்றால் கிடத்து, வை. முதலாவதின் மூன்று வடிவங்கள் லை-லே-லெய்ன். இரண்டாவதற்கு லே-லெய்டு-லெய்டு. கண்ணி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: முதல் வினையின் இறந்தகாலமும் இரண்டாவது வினையின் நிகழ்காலமும் ஒரே சொல். இது போதாதென்று, பொய் சொல்வதற்கும் 'லை'தான். அதன் வடிவங்கள் லை-லைடு-லைடு.

எனவே ஆறு மாதமாக மேஜையில் தூங்கும் கோப்பு 'ஹேஸ் லெய்ன்'. அது 'ஹேஸ் லெய்டு' என்று கடிதம் எழுதினால், கோப்பு எதையோ வைத்தது என்றாகும். முட்டையாகத்தான் இருக்க வேண்டும்.

இதில் சிரிப்பதற்கு மட்டுமல்ல, யோசிப்பதற்கும் இடமிருக்கிறது. குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் அவசரச் சட்டத்தை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 123-வது பிரிவு கூறுகிறது. தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகளுக்கு 151-வது பிரிவு அதே கடமையை விதிக்கிறது. இரண்டிலும் சொல் 'லெய்டு'. ஒருவர் கொண்டுவந்து வைத்தார், கடமை முடிந்தது என்று பொருள். 'லெய்ன்' என்றால் யாரும் தொடாமல் அது பாட்டுக்குக் கிடந்தது என்று பொருள். அரசாங்கத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் தெரியும்.

அதே சாவியால் இன்னும் இரண்டு பூட்டுகளைத் திறக்கலாம். 'ஃபால்' என்றால் விழு. ஃபால்-ஃபெல்-ஃபாலன். 'ஃபெல்' என்பதே தனி வினையாக வந்தால் வீழ்த்து. ஃபெல்-ஃபெல்டு-ஃபெல்டு. மரம் 'ஃபாலன்' என்றால் புயலின் வேலை. 'ஃபெல்டு' என்றால் கோடரியின் வேலை. காடுகளில் மரம் வெட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-ல் கோதாவர்மன் வழக்கில் கடும் கட்டுப்பாடுகள் விதித்த நாட்டில், விண்ணப்பத்தில் இந்தச் சொல்லை மாற்றி எழுதுபவர் தன் மேல் தானே வழக்கு ஜோடிப்பவர் ஆகிவிடுவார்.

இன்னொரு ஜோடி 'ரைஸ்', 'ரெய்ஸ்'. எழு, எழுப்பு. விலை தானாக ஏறினால் 'ரிஸன்'. யாராவது ஏற்றினால் 'ரெய்ஸ்டு'. பெட்ரோல் விலை பற்றிய அறிக்கைகளில் ஆளும் கட்சிக்கு முதல் சொல் பிடிக்கும், எதிர்க்கட்சிக்கு இரண்டாவது. தேர்தலுக்குப் பிறகு இருவரும் சொற்களை மாற்றிக்கொள்வார்கள்.

இரட்டைப் பிறவிகள்

காதுக்கு ஒன்றாக ஒலித்து எழுத்தில் பிரியும் ஜோடி 'பார்ன்'. பிறந்த என்ற பொருளில் கடைசியில் 'இ' எழுத்து கிடையாது. சுமந்த, தாங்கிய, ஏற்ற என்ற பொருள்களில் 'இ' உண்டு. செலவை வாடகைதாரர் ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதும்போது அந்த ஓர் எழுத்து விட்டுப்போனால், செலவு வாடகைதாரருக்குப் பிறந்த குழந்தையாகிவிடும். காற்றில் பரவும் நோயும் நீரில் பரவும் நோயும் 'இ' உள்ள பக்கம்தான்.

'ஃபவுண்ட்', 'ஃபவுண்டட்' ஜோடியும் இப்படித்தான். 'ஃபைண்ட்', அதாவது கண்டுபிடி என்பதன் மூன்றாம் வடிவம் 'ஃபவுண்ட்'. நிறுவு என்று பொருள்படும் 'ஃபவுண்ட்' தனி வினை. அதன் மூன்றாம் வடிவம் 'ஃபவுண்டட்'. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 1909-ல் 'ஃபவுண்டட்'. அதை 'ஃபவுண்ட்' என்று எழுதினால், யாரோ தொலைத்துவிட்டு அந்த ஆண்டில் தேடி எடுத்ததாகத்தான் அர்த்தம்.

பாலத்துக்கு அடியில் நிறையத் தண்ணீர் ஓடிவிட்டது என்று எழுத விரும்புபவர்கள் 'ஃப்ளோன்' என்று எழுதுவது அன்றாடக் காட்சி. அது பறத்தலின் மூன்றாம் வடிவம். நீருக்குச் சிறகு முளைக்காதவரை அது 'ஃப்ளோடு'தான்.

இரட்டிப்பு இறந்தகாலம்

மேலே சொன்னவை பொருளைக் கெடுப்பவை. அடுத்த வகைத் தவறுகளால் பொருள் கெடாது, எழுதியவரின் பெயர்தான் கெடும். 'டிட் நாட் வென்ட்' அவற்றில் தலையாயது. 'டிட்' என்ற சொல்லே இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது. அடுத்த சொல்லும் அதைச் சுமக்க வேண்டியதில்லை. 'நேற்று நான் போகவில்லை' என்கிறோம். 'போனவில்லை' என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. அதே நியாயம்தான் 'டிட் நாட் கோ' என்பதற்கும்.

'ஹேவ்' பக்கத்தில் வேறு விதமான கோளாறு. அங்கே மூன்றாம் வடிவம்தான் உட்கார வேண்டும், இரண்டாவது வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'ஹேவ் வென்ட்', 'ஹேவ் ஸ்வாம்', 'ஹேவ் பிகேன்' மூன்றும் தவறு. 'கான்', 'ஸ்வம்', 'பிகன்' என்பவையே சரி. 'ஹேவ் ட்ரங்க்' என்று சொல்லப் பலர் கூசுகிறார்கள், தண்ணீர் குடித்ததைச் சொன்னாலும் கேட்பவர் வேறு எதையோ நினைத்துக்கொள்வார் என்று. கூச்சம் தேவையில்லை, இலக்கணப்படி அதுதான் சரி. குடிபோதையில் இருப்பவரைக் குறிக்கும்போது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'ட்ரங்க்கன்' என்றும் ஒரு வடிவம் வரும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுத் தலைப்பில் இருப்பது இதுதான்.

மாறாமல் இருக்க வேண்டிய சொற்களுக்கு வால் ஒட்டுவது இன்னொரு பழக்கம். வாக்களித்தவர் தன் வாக்கை 'காஸ்டட்' என்கிறார். 'காஸ்ட்' என்பதற்கு மூன்று வடிவங்களும் ஒன்றே. 'கட்', 'புட்', 'ஹர்ட்', 'பர்ஸ்ட்' எல்லாம் இதே குடும்பம்.

ஏன் இந்தக் குழப்பம்?

பழி முழுவதையும் மாணவர் மேல் போடுவது நியாயமல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ஏராளமான வினைகள் உயிரெழுத்தை மாற்றித்தான் காலம் காட்டின. 'சிங்-சாங்-சங்' அந்த வழக்கத்தின் மிச்சம். பிறகு 'எட்' என்ற ஒட்டு ஒவ்வொன்றாக விழுங்க ஆரம்பித்தது. 2007-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளைப் பின்தொடர்ந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 மட்டுமே ஒழுங்கற்றவையாக நீடித்தன. இன்று 98. 'ஹெல்ப்' என்பதற்கு ஒரு காலத்தில் 'ஹோல்ப்' என்ற இறந்தகாலம் இருந்தது, இன்று யாரும் சொல்வதில்லை.

அதிகம் பயன்படும் சொல் எளிதில் மாறுவதில்லை என்பது ஆய்வின் முடிவு. தினமும் நூறு முறை நாக்கில் புரளும் சொல்லின் பழைய வடிவம் மறப்பதில்லை, எப்போதாவது வரும் சொல்லுக்கு மறந்துவிடுகிறது. மிக அதிகமாகப் புழங்கும் பத்து ஆங்கில வினைகளும் ஒழுங்கற்றவையாக இருப்பதன் காரணம் இதுதான். 'கோ'வுக்குப் பக்கத்தில் ஒட்டாமல் நிற்கும் 'வென்ட்'கூட 'வெண்ட்' என்ற வேறு வினையிடமிருந்து இரவல் வாங்கியது. திருப்பிக் கொடுக்கவே இல்லை.

இரண்டுமே சரி

மூன்றாவது வகையில் தவறே இல்லை, தகராறு மட்டும்தான். 'ப்ரூவ்டு', 'ப்ரூவன்' இரண்டும் ஏற்கத்தக்கவை. இந்தியச் சட்டம் மட்டும் தன் சொல்லை எப்போதோ தேர்ந்தெடுத்துவிட்டது. 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டம் நிரூபிக்கப்பட்டது, பொய்யென நிரூபிக்கப்பட்டது, நிரூபிக்கப்படாதது என்று மூன்றையும் 'ப்ரூவ்டு' என்ற வடிவத்தை வைத்தே வரையறுத்தது. 2023-ல் நிறைவேறிய புதிய சாட்சியச் சட்டமும் அதே வழியில் போகிறது.

'லேர்ன்ட்', 'பர்ன்ட்', 'ஸ்பெல்ட்' என்று 'ட்'டில் முடிப்பது பிரிட்டிஷ் வழக்கம். 'லேர்ன்டு', 'பர்ன்டு' என்பது அமெரிக்க வழக்கம். கணினியின் எழுத்துத் திருத்தி அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால், இந்தியப் பாடப்புத்தகத்தின் சரியான வடிவத்துக்கு அடியிலும் சிவப்புக் கோடு போடும். கோட்டைக் கண்டு பதற வேண்டாம். 'காட்டன்' என்ற அமெரிக்க வடிவத்தைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: அது இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போன பழைய சொல். கைவிட்டது பிரிட்டன்தான். ஒரே விதி, ஒரு கடிதத்தில் ஒரு வழக்கத்தையே பின்பற்றுங்கள்.

சட்டென்று நினைவுக்கு

• கிடந்தது: லெய்ன். வைத்தது: லெய்டு. பொய் சொன்னது: லைடு.
• மனிதன்: ஹேங்டு. மற்ற எல்லாம்: ஹங்.
• விழுந்தது: ஃபாலன். வெட்டி வீழ்த்தியது: ஃபெல்டு.
• ஏறியது: ரிஸன். ஏற்றியது: ரெய்ஸ்டு.
• பறந்தது: ஃப்ளோன். ஓடியது: ஃப்ளோடு.
• 'டிட்' வந்தால் முதல் வடிவம். 'ஹேவ்' வந்தால் மூன்றாம் வடிவம்.

எவ்வளவு கவலைப்படலாம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலத்தைத் தாய்மொழி என்று சொன்ன இந்தியர்கள் சுமார் 2.6 லட்சம் பேர். இரண்டாவது அல்லது மூன்றாவது மொழி என்று சொன்னவர்கள் 12 கோடிக்கும் மேல். அதாவது இந்த நாட்டில் ஆங்கிலம் பேசுபவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே அதைக் கற்றுக்கொண்டவர்கள். மூன்றாம் வடிவத்தில் சறுக்குவது அறிவின் அளவுகோல் அல்ல. எந்தப் பள்ளியில், எந்த மொழியில் படித்தார் என்பதைத்தான் பெரும்பாலும் அது காட்டுகிறது. நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருப்பவர்களும் இதை நினைவில் வைத்தால் நல்லது.

ஆனால் தேர்வுத் தாளுக்கு இரக்கம் கிடையாது, ஒப்பந்தத்துக்கும் கிடையாது. ஆகவே கவலையைப் பங்கு பிரித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். 'ப்ரூவ்டு'க்கும் 'ப்ரூவன்'னுக்கும் சண்டை போடுவதைப் பண்டிதர்களிடம் விட்டுவிடலாம். 'டிட் நாட் வென்ட்'டை ஒரு வாரப் பயிற்சியில் சரிசெய்துவிடலாம். மரம் விழுந்ததா வெட்டப்பட்டதா, செலவை யார் ஏற்பது, கோப்பை வைத்தார்களா அல்லது அது வெறுமனே கிடந்ததா என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும், கையெழுத்துப் போடும் முன் ஒரு முறைக்கு இரு முறை அகராதியைப் புரட்டுங்கள்.