அரைவேக்காட்டு ஆட்டங்கள்!

1993 டிசம்பர் 10. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஒரு கம்ப்யூட்டர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. பரீட்சை ரிசல்ட் எல்லாம் இல்லை. 'டூம்' என்கிற விளையாட்டை இறக்கிக்கொள்ள ஆட்கள் முட்டி மோதிய நெரிசல்! இட் சாஃப்ட்வேர் என்கிற குட்டி கம்பெனி, முதல் அத்தியாயத்தை இலவசமாகவே விட்டிருந்தது. ஆடிப் பாருங்கள், பிடித்தால் மீதிக்குக் காசு அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினார்கள். ஆபீஸ் நேரத்தில் டூம் ஆடக்கூடாது என்று பல கம்பெனிகள் உத்தரவு போடுகிற அளவுக்குப் போனது.

2020 டிசம்பர் 10. இருபத்தேழு வருஷம் கழித்து அதே தேதி. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் கம்பெனி 'சைபர்பங்க் 2077' ஆட்டத்தை வெளியிட்டது. முன்பதிவு மட்டுமே 80 லட்சம். வந்தது என்ன? தெருவில் நடக்க வேண்டிய மனிதர்கள் இரண்டு கைகளையும் விரித்துச் சோளக்கொல்லை பொம்மை மாதிரி நின்றார்கள். ப்ளேஸ்டேஷன் வைத்திருந்தவர்கள் பாடு படுமோசம். ஒரு வாரம் தாண்டியதும் சோனி தன் கடையிலிருந்தே ஆட்டத்தைத் தூக்கிவிட்டது.

கம்ப்யூட்டர்காரர்களுக்குப் பரவாயில்லை என்று பார்த்தால், அங்கே வேறொரு கூத்து. விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காகச் சேமித்து வைக்கிற ஃபைல் 8 மெகாபைட்டைத் தாண்டினால் கெட்டுப்போகும். ராத்தூக்கம் கெட்டுச் சேர்த்ததெல்லாம் கோவிந்தா! புகார் செய்தவர்களுக்கு முதலில் கிடைத்த யோசனை, ஆட்டத்துக்குள் சாமான்களை அதிகம் சேர்க்காதீர்கள் என்பது. வீடு ஒழுகுதுங்க என்றால் மழையில் வீட்டுக்கு வராதே என்கிற ஹவுஸ் ஓனர் மாதிரி. (அந்த மாதமே சரிசெய்துவிட்டார்கள், அது வேறு விஷயம்.)

திறமை குறைந்துவிட்டதா? இல்லவே இல்லை. காரணம் இன்டர்நெட். ஃப்ளாப்பியிலும் சிடியிலும் ஆட்டம் வந்த காலத்தில், டப்பாவில் போட்டு லாரி ஏற்றினால் போனது போனதுதான். திருத்தம் அனுப்பினாலும் எத்தனை பேருக்குப் போய்ச் சேரும்? அந்தப் பயத்திலேயே ஒழுங்காக முடித்தார்கள். (அன்றைக்கும் குப்பைகள் வந்தன. நமக்கு நல்லதுகள் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.) இப்போது அந்தப் பயம் போய்விட்டது. சைபர்பங்கை 2020-ல் மட்டும் மூன்று முறை தள்ளிப்போட்டார்கள். அப்படியும் முடியவில்லை. கிறிஸ்துமஸ் வியாபாரம் வேறு வாசலில் நிற்கிறது. சரி, விற்றுவிடு, அப்புறம் 'பேட்ச்' போட்டு ஒட்டிக்கலாம்! சோதித்துப் பார்க்கிற வேலை, காசு கொடுத்தவன் தலையில்.

கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஒரு சாபமும் உண்டு. ஒவ்வொருவர் வீட்டு மெஷினும் ஒவ்வொரு ரகம். பல பெரிய கம்பெனிகள் ப்ளேஸ்டேஷனுக்கு இழைத்து இழைத்துச் செய்துவிட்டு, கம்ப்யூட்டர் பதிப்பை வெளியாளிடம் தள்ளிவிடுகின்றன. 2015 ஜூனில் வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' அப்படித்தான் நொண்டியது. வார்னர் நிறுவனமே ஓரிரு நாளில் விற்பனையை நிறுத்தி, அக்டோபர் கடைசியில்தான் மறுபடி கடைக்குக் கொண்டுவந்தது.

ஏன் அவ்வளவு சுறுசுறுப்பாக நிறுத்தினார்கள் தெரியுமா? அதே ஜூன் மாதம்தான் 'ஸ்டீம்' கடை ஒரு விதி கொண்டுவந்திருந்தது. வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், காசு வாபஸ். கேள்வி கிடையாது. ஆயிரம் திட்டு எழுதியும் நடக்காததை இந்த வாபஸ் நடத்திக் காட்டியது என்று அடித்துச் சொல்வேன்.

நல்ல சேதியும் இருக்கிறது. பெல்ஜியத்தின் லேரியன் கம்பெனி 'பால்டர்ஸ் கேட் 3' ஆட்டத்தின் முதல் பாகத்தை மட்டும் 2020 அக்டோபரில் விற்றது. அதுவும் முடியாத சரக்குதான். ஆனால் முடியவில்லை என்று சொல்லியே விற்றார்கள்! கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஆடியவர்களின் குறைகளைக் கேட்டுத் திருத்தி, 2023 ஆகஸ்டில் முழுசாக வெளியிட்டார்கள். அந்த வருஷத்தின் பெரிய விருதுகளை அள்ளிக்கொண்டு போனது. எரிக் பரோன் கதை இன்னும் அழகு. தியேட்டரில் சீட் காட்டுகிற வேலை பார்த்துக்கொண்டே, நாலு வருஷத்துக்கும் மேலாகத் தனி ஆளாக உட்கார்ந்து 'ஸ்டார்டியூ வேலி'யை முடித்தார். படம், இசை, வசனம் எல்லாம் அவரே. டி.ராஜேந்தர் மாதிரி!

சைபர்பங்க்கூட 2023 செப்டம்பரில் பெரிய திருத்தம் கண்டு, நிஜமாகவே நல்ல ஆட்டமாகிவிட்டது. முதல் நாள் வாங்கியவர் முழு விலைக்குப் பாதி ஆட்டம் வாங்கினார். காத்திருந்தவர் தள்ளுபடியில் முழு ஆட்டம் வாங்கினார். பந்திக்கு முந்து என்பது சாப்பாட்டுக்கு மட்டும்தான்.

காத்திருக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த 2 மணி நேரக் கெடு, ஆட்டம் திறந்த கணத்திலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். 2023 மார்ச்சில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கம்ப்யூட்டருக்கு வந்தபோது, படக்காட்சிகளைத் தயார் செய்கிறேன் பேர்வழி என்று சில மெஷின்களில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றது. வாபஸ் நேரத்தில் பாதி, ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ளேயே காலி. டீ குடிக்கப் போவதாக இருந்தால், மூடிவிட்டுப் போங்கள்.