கரண்ட் வந்தால் தானாக எழ வேண்டும்

முழு நைட் ஷிப்டில் மணி இரண்டரை இருக்கும். கரண்ட் போனது, ஜெனரேட்டர் எடுத்தது, நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்கள் வரிசையாக ஓடத் தொடங்கின. தூணில் மாட்டியிருந்த டிவி மட்டும் இருட்டாகவே இருந்தது. "ஏனுங்ணா, டிவி வரலீங்க" என்று ஃபிரேம் ஓட்டும் சைடர் பையன் வந்து நின்றான். ஏணி போட்டு ஏறி, டிவிக்குப் பின்னால் இருந்த பெட்டியின் பட்டனை அமுக்கிவிட்டு இறங்கினேன். அந்த வாரத்தில் அது நான்காவது முறை. மெஷின் டிஸ்பிளேவுக்குக் கணினி வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பது அன்றைக்கு அந்த ஏணியில்தான் எனக்குப் புரிந்தது.

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் 24 வருடமாக எலெக்ட்ரீஷியனாக இருக்கிறேன். எங்களிடம் 12 ரிங் ஃபிரேம்கள். ஒவ்வொன்றின் பேனலிலும் ஒரு எனர்ஜி மீட்டர். எங்கள் மில்லில் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு கரண்ட் பில்தான். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் ஆகிறது என்ற கணக்கை மில்காரர்கள் யுகேஜி என்போம். அந்தக் கணக்கு மாதக் கடைசியில் ஆபீஸ் பேப்பரில் வந்து என்ன பயன்? ஃபிரேம் ஓடும்போதே ஓட்டுகிறவர் கண்ணில் பட வேண்டும். அதற்காகத்தான் டிவி கேட்டேன். "டிவி போக மீதி எல்லாம் பன்னிரண்டாயிரத்துக்குள்ள முடிச்சுருங்க" என்றார் முதலாளி.

இந்த வேலைக்கு எவ்வளவு வேகமான கணினி வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மீட்டர்கள் பேசும் மொழிக்கு மோட்பஸ் என்று பெயர். 1979-ல் மோடிகான் நிறுவனம் உருவாக்கியது, இன்றும் தொழிற்சாலைகளில் அதுதான் ஓடுகிறது. ஆர்எஸ்-485 என்ற இணைப்பில், முறுக்கிய இரண்டு ஒயர்கள் மீட்டருக்கு மீட்டர் தொட்டுப் போகும். மெதுவான வேகத்தில் 1,200 மீட்டர் வரைகூட இழுக்கலாம். ஒரு மீட்டரில் நான் படிப்பது ஐந்து எண்கள். 12 மீட்டருக்கு 60 எண்கள். சில விநாடிக்கு ஒருமுறை அந்த அறுபதையும் வாங்கி, ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பத்து வருடப் பழைய கணினிக்கும் இது சுமை கிடையாது. பிரவுசரைத் திறந்தே வைத்திருப்பதால் 4 ஜிபி மெமரி வேண்டும், 8 இருந்தால் தாராளம்.

ஆகவே வேகத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கணினி எந்த இடத்தில் இருக்கப்போகிறது என்பதற்குத்தான் கொடுக்க வேண்டும். ரிங் ஃபிரேம் டிபார்ட்மெண்டில் ஆண்டு முழுவதும் சூடு. நூல் அறாமல் இருக்க ஈரப்பதமும் ஏற்றி வைத்திருப்போம். காற்றெல்லாம் பஞ்சுத் தூசு. நான் முதலில் ஆபீஸில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பை மாட்டினேன். மூன்றாவது வாரம் திறந்து பார்த்தால், ஃபேன் தெரியவில்லை. அதன்மேல் ஒரு விரல் தடிமனுக்குப் பஞ்சு மெத்தை. சூட்டில் அடிக்கடி நின்றுபோனதற்குக் காரணம் அதுதான். அடுத்து ஒரு மலிவான ஆண்ட்ராய்டு பெட்டி. அதில் ஃபேன் இல்லை, ஆனால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் யாராவது பட்டனை அமுக்க வேண்டியிருந்தது. ஏணிக் கதை அதனால் வந்ததுதான்.

பிறகுதான் உட்கார்ந்து நிதானமாக ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

ராஸ்பெர்ரி பை பலருக்கும் தெரிந்த பெயர். பிள்ளைகள் கணினி கற்க வேண்டும் என்று இங்கிலாந்தில் உருவாக்கி, 2012 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த உள்ளங்கையளவு போர்டு. கரண்ட் கொடுத்த உடனே தானாக எழும், அது பெரிய நல்ல குணம். இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். வழக்கமாக அது மெமரி கார்டிலிருந்து ஓடுகிறது; எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எந்த கார்டும் கெட வாய்ப்புண்டு. கார்டைப் படிக்க மட்டும் என்று பூட்டும் வசதி அதன் மென்பொருளிலேயே இருக்கிறது, அதைப் போட்டுவிட வேண்டும். அடுத்தது கடிகாரம். நான்காம் தலைமுறை போர்டு வரை கடிகாரச் சில்லு கிடையாது. இன்டர்நெட் இல்லாத இடத்தில் கரண்ட் போய் வந்தால் மணி தப்பும், எங்கள் ஷிப்ட் கணக்கும் தப்பும். 2023-ல் வந்த ஐந்தாம் தலைமுறையில் கடிகாரம் உண்டு, பேட்டரி மட்டும் தனியாக வாங்க வேண்டும்.

இன்டெல் என்100 சிப் போட்ட புதிய மினி கணினிகள் நல்ல சரக்கு. நான்கு கோர், 6 வாட் அளவுக்கு வடிவமைத்தது. ஆனால் கடையில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் சின்ன ஃபேன் இருந்தது. ஃபேன் இல்லாததன் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. கம்பெனிகள் கழித்த டெல் மைக்ரோ, லெனோவோ டைனி போன்ற புத்தக அளவுப் பெட்டிகளும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய பிராசசர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. லினக்ஸ் போட்டால் அவை இன்னும் பல வருடம் உழைக்கும். தூசு இல்லாத பட்டறைக்கும் கடைக்கும் நான் இதைத்தான் சொல்வேன். அவற்றிலும் ஃபேன் இருப்பதால் மில்லுக்கு ஆகாது.

கடைசியில் வாங்கியது தின் கிளையண்ட். பெரிய அலுவலகங்களில் வேலையெல்லாம் சர்வரில் நடக்க, மேசையில் திரைக்காக மட்டும் வைக்கும் சின்னக் கணினி அது. 2018-ல் வந்த டெல் வைஸ் 5070. ஃபேன் கிடையாது, அலுமினியத் தகடே சூட்டை இறக்கிவிடும். கோவையில் பழைய கணினிக் கடையில் 6,500 ரூபாய்க்குக் கிடைத்தது. அதில் எச்டிஎம்ஐ துளை இல்லை, டிஸ்பிளேபோர்ட் மட்டுமே. மாற்றுக் கேபிள் ஒன்று வாங்கினேன். உள்ளே போடும் எஸ்எஸ்டி சாட்டா வகையாக இருக்க வேண்டும், என்விஎம்இ வகை ஓடாது. மீட்டர் ஒயரை யுஎஸ்பியில் சேர்க்கும் கன்வெர்ட்டரை மட்டும் ஐசொலேஷன் உள்ளதாகவே வாங்கினேன். மோட்டார் பேனலில் வரும் கோளாறு கணினிக்குள் ஏறாமல் அதுதான் தடுக்கும். அந்த இடத்தில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. எல்லாம் சேர்த்து பன்னிரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

கடையில் நான் செய்த சோதனை ஒன்றே ஒன்று. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் 'ஏசி ரெக்கவரி' என்ற இடத்தில் 'பவர் ஆன்' என்று வைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பச் செருகினேன். பட்டனைத் தொடாமல், கீபோர்டு மாட்டாமல் எழ வேண்டும். பத்து முறை செய்தேன், பத்து முறையும் எழுந்தது. பயாஸுக்குத் தெரியாத பாஸ்வேர்டு போட்டிருந்தால் அந்தப் பெட்டியே வேண்டாம், உள்ளே எதையும் மாற்ற முடியாது. பழைய பெட்டி என்றால் சிஆர்2032 பட்டன் பேட்டரியைப் புதிதாகப் போட்டுவிடுங்கள்; கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தைக் காப்பது அதுதான். டிவியையும் இதே மாதிரி பிடுங்கிப் பாருங்கள். கரண்ட் வந்ததும் தூக்கத்திலேயே நிற்கும் டிவிகள் உண்டு, அப்படி நின்றால் கணினி எழுந்தும் பலனில்லை.

நாள் முழுக்க ஓடும் பெட்டி என்பதால் அதன் கரண்ட் செலவும் கணக்கில் சேரும். 10 வாட் கணினி மாதம் 7 யூனிட் சொச்சம் தின்னும். 60 வாட் டெஸ்க்டாப் என்றால் 43 யூனிட்.

எங்கள் தின் கிளையண்ட் இப்போது மழைக்காலம் ஒன்றைத் தாண்டிவிட்டது. வாரம் ஒருமுறை துணியால் துடைப்பதைத் தவிர அதை நான் தொடுவதில்லை. போன மாதம் ஏழாம் நம்பர் ஃபிரேம், அதே கவுண்ட் நூல் ஓட்டும் எட்டாம் நம்பரைவிட அதிகமாக இழுப்பதைத் திரையில் கண்டு சொன்னது அந்தச் சைடர் பையன்தான். பார்த்தால் ஸ்பிண்டில் ஆயில் போட வேண்டிய நாள் கடந்திருந்தது. ஆயில் போட்டதும் எண் இறங்கியது. அதைக் கண்டுபிடிக்க மாதக் கடைசிவரை காத்திருக்கவில்லை.

உங்கள் பட்டறையிலோ மில்லிலோ டிஸ்பிளே வைக்கப்போகிறீர்கள் என்றால், எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பணத்தை எடுப்பதற்கு முன்னால், பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். யாரும் தொடாமல் எழுந்தால் வாங்குங்கள்.