ஏழு ஆறு தாண்டும் இரவு வண்டி

சென்னை எழும்பூரிலிருந்து இரவு 9.40 மணியளவில் கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸ், விடியற்காலை 5 மணிவாக்கில் மதுரை ஜங்ஷனைச் சேர்கிறது. நடுவில் இருப்பது 490 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். பகலில் வைகை எக்ஸ்பிரஸில் போனாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் பகல் வண்டியில் போகிறவருக்கு அந்த நாள் அதிலேயே கழிந்துவிடும். இரவு வண்டிக்காரர் அன்றைய வேலையைச் சென்னையில் முடித்துவிட்டு ஏறுகிறார். மறுநாள் காலை மதுரையில் குளித்துவிட்டு உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குக்குப் போய் நிற்கலாம். ராஜாஜி அரசு மருத்துவமனையில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்கலாம். முகூர்த்தத்துக்கு முன்பே கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருக்கலாம். லாட்ஜ் வாடகை கிடையாது. விடுப்பிலும் ஒரு நாள் மிச்சம்.

தென் மாவட்டங்களுக்குச் செல்லும் இரவு வண்டிகளில் பலவற்றுக்கு எழும்பூர்தான் தாய்வீடு. வண்டியின் பெயரைச் சொன்னாலே போகும் ஊர் விளங்கிவிடும். திருச்சிக்கு மலைக்கோட்டை, தஞ்சாவூருக்கு உழவன், திருநெல்வேலிக்கு நெல்லை, தூத்துக்குடிக்கு முத்துநகர், செங்கோட்டைக்குப் பொதிகை, ராமேஸ்வரத்துக்குச் சேது. எண்ணைச் சொல்லி இந்த வண்டிகளைக் கேட்பவர் குறைவு. "பொதிகையில கெடைக்கல, நெல்லையில போட்டிருக்கேன்" என்று பேசிக்கொள்வதுதான் வழக்கம். எழும்பூர் நிலையக் கட்டடத்தைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி கட்டி, 1908 ஜூன் 11 அன்று திறந்தது. அங்கிருந்து தெற்கே போன பாதை அப்போது மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர் இடைவெளி மட்டுமே. 1990களின் இறுதியில் அது 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையாக மாற்றப்பட்ட பிறகுதான் இன்றைய அகலமான பெட்டிகளும் வேகமும் தென் மாவட்டங்களுக்கு வந்தன.

படுக்கையிலும் ஒரு மாற்றம் நடந்தது. ஒரு காலத்தில் சாதாரண வகுப்பின் படுக்கை என்றால் வெறும் மரப்பலகை. வீட்டிலிருந்து ஜமுக்காளம் சுருட்டிக் கொண்டுவந்து அதன்மேல் விரித்துப் படுப்பார்கள். மூன்றாம் வகுப்பு என்ற பிரிவு 1974ல் எடுக்கப்பட்டது. 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதே, சாதாரணப் பயணிகள் படுக்கும் பலகைகளுக்கும் இரண்டு அங்குல ஃபோம் மெத்தை போட ஏற்பாடு செய்தார். இன்று ஸ்லீப்பர் பெட்டியில் முதுகு வலிக்காமல் தூங்கி எழும் ஒவ்வொருவரும் அந்த மனிதருக்குக் கடன்பட்டவர்.

ஸ்லீப்பர் பெட்டி பல அறைகளாகத் தடுக்கப்பட்டது போல இருக்கும், கதவுதான் கிடையாது. ஒவ்வொரு தடுப்புக்கும் எட்டுப் பெர்த். எதிரெதிரே மும்மூன்று, நடைவழிக்கு அந்தப்பக்கம் ஜன்னலை ஒட்டி இரண்டு. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய வடிவப் பெட்டியில் ஒன்பது தடுப்புகள், அதாவது 72 பெர்த். ஜெர்மானிய வடிவமைப்பில் வந்த எல்.எச்.பி. பெட்டி நீளம் கூடியது. அதில் 80 பெர்த். 1955ல் நேரு திறந்துவைத்த பெரம்பூர் தொழிற்சாலை 2018ல் பழைய வடிவத்தைக் கைவிட்டு, எல்.எச்.பி. வடிவத்துக்கு முழுமையாக மாறிவிட்டது. மோதல் நேர்ந்தால் ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறாதபடி இணைப்பு அமைந்திருப்பது இதன் பெரிய நன்மை.

டிக்கெட்டில் உள்ள எண்ணை வைத்தே பெர்த் எங்கே என்று கண்டுகொள்ளலாம். 1, 4 லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். 8 சைடு அப்பர். அடுத்த தடுப்பில் 9 மறுபடி லோயரில் தொடங்கும். ஆகவே எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும். 43 என்றால் மீதி 3, அது அப்பர். மீதியே வராவிட்டால் சைடு அப்பர். இது தெரிந்தவர்கள் பிளாட்பாரத்தில் நிற்கும்போதே மனதுக்குள் இடத்தைப் பிடித்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு பெர்த்துக்கும் ஒரு குணம் உண்டு. ஏறி இறங்க லோயர் சுகம். ஆனால் மிடிலை மடக்கி வைத்திருக்கும் வரை அது எல்லோருக்கும் பொதுவான இருக்கை. மிடில் பெர்த்தை விரிக்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை என்பது விதி. பாண்டியன் கிளம்புவதே 9.40க்கு என்பதால், தாம்பரம் தாண்டியதும் சங்கிலியை மாட்டிப் பலகையைத் தூக்கிவிடுகிறார்கள். இதில் சண்டை அபூர்வம். அப்பரில் காற்றாடி பக்கத்தில் இருக்கும், யாரும் எழுப்ப மாட்டார்கள். கோடையில் கூரையின் சூடு மட்டும் நள்ளிரவு வரை இறங்காது. சைடு பெர்த் சற்று நீளம் குறைந்தது, உயரமானவர் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். ஆட்டம் குறைவாக வேண்டுமானால் பெட்டியின் நடுப்பகுதி நல்லது. இரு முனைகளிலும் சக்கரத் தொகுதிக்கு நேர் மேலே படுப்பவருக்குக் குலுக்கல் கூடுதலாகத் தெரியும். கழிப்பறைக் கதவின் சத்தமும் சேர்ந்துகொள்ளும்.

அறுபது வயது தாண்டிய ஆண்களுக்கும் நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் லோயர் பெர்த்தில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அது தீர்ந்துபோனால் முட்டிவலிக்காரருக்கும் அப்பர் விழும். அப்போதுதான், "தம்பி, எனக்கு மேல ஏற முடியாதுப்பா, கொஞ்சம் மாத்திக்கிறியா?" என்ற குரல் கேட்கும். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் சரி என்றே பதில் வருகிறது. முன்பின் தெரியாதவர்கள் எட்டுப் பேர் ஓர் இரவை இப்படி அனுசரித்துக் கழிப்பது சாதாரண விஷயமல்ல.

இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர் நவம்பர் நடுவிலேயே காலை 8 மணிக்குக் கவுண்ட்டரிலோ கைபேசியிலோ காத்திருக்க வேண்டும். சில நிமிடங்களில் தென் மாவட்ட வண்டிகள் நிரம்பிவிடும். அதன் பிறகு எடுப்பவருக்கு முதலில் ஆர்.ஏ.சி., பிறகு வெயிட்டிங் லிஸ்ட். ஆர்.ஏ.சி. என்றால் வண்டியில் ஏறலாம். சைடு லோயரை இருவர் பகிர்ந்து உட்கார வேண்டும், யாராவது வராமல் போனால் முழுப் பெர்த் கிடைக்கும். வெயிட்டிங் லிஸ்ட் அப்படியல்ல. சார்ட் தயாரான பிறகும் பெயர் மேலே ஏறாவிட்டால், ஆன்லைனில் எடுத்த டிக்கெட் தானாகவே ரத்தாகிப் பணம் கணக்குக்குத் திரும்பும். அந்த டிக்கெட்டோடு ஸ்லீப்பரில் ஏறுவது டிக்கெட் இல்லாமல் ஏறுவதற்குச் சமம். அவசரக்காரர்களுக்கு முதல் நாள் தட்கல் உண்டு: ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி.

வண்டி கிளம்பியதும் சாப்பாட்டுப் பொட்டலங்கள் பிரியும். இட்லியில் எண்ணெயும் பொடியும் தடவி எடுத்துவருவது இந்தப் பயணத்துக்கென்றே அமைந்த உணவு. கெடாது, சிந்தாது, கையலம்பத் தண்ணீர் அதிகம் வேண்டாம். டி.டி.ஆர். வந்து போனதும் விளக்கணைத்து நீல விளக்கைப் போடுகிறார்கள். பெட்டி படுக்கையைச் சீட்டுக்கு அடியில் உள்ள வளையத்தோடு சங்கிலியால் பூட்டுவதும், கைபேசியையும் பணத்தையும் தலைமாட்டில் வைக்காமல் உடம்போடு வைத்துக்கொள்வதும் நல்ல பழக்கம். உதவி தேவைப்பட்டால் 139 எண்ணை அழைக்கலாம்.

பயணிகள் தூங்கும் நேரத்தில் வண்டி தமிழகத்தின் பெயர்பெற்ற ஆறுகளை ஒவ்வொன்றாகத் தாண்டுகிறது. செங்கல்பட்டைக் கடந்ததும் பாலாறு. விழுப்புரத்தில் பாதை பிரிகிறது. கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று ஊர் ஊராய்ச் சுற்றிப் போவது மெயின் லைன். விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் குறுக்கே போவது கார்டு லைன். தூரம் குறைவு என்பதால் மதுரை வண்டிகள் பெரும்பாலும் கார்டு லைனிலேயே போகின்றன. இந்தப் பாதையில் தென்பெண்ணை, பெண்ணாடம் அருகே வெள்ளாறு, அரியலூரைத் தாண்டியதும் மருதையாறு.

மருதையாறு மற்ற நாட்களில் கண்ணில் படாத சிற்றாறு. 1956 நவம்பர் 23 அதிகாலையில், அடைமழை வெள்ளத்தில் அந்த ஆற்றுப் பாலம் பலவீனப்பட்டிருந்தபோது, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் அதன்மேல் ஏறியது. இன்ஜினும் முன்பக்கப் பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் தூக்கத்திலேயே போனவர்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்த ராஜினாமாவைப் பற்றி இன்றுவரை பேசுகிறார்கள். அந்த வண்டியில் போனவர்களையும் அதே அளவுக்கு நினைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் தண்டவாள ஓரமாக விளக்கோடு நடந்து போகும் ரோந்துக்காரர்கள் காப்பது இந்தத் தூக்கத்தைத்தான். வெள்ள அபாயம் உள்ள பாலங்களில் காவலாட்கள் நின்று நீர்மட்டத்தைப் பார்க்கிறார்கள். பாதையில் உடைப்பு இருந்தால் தண்டவாளத்தின் மேல் வெடி வைத்து ஓட்டுநரை எச்சரிக்கும் முறையும் உண்டு. இன்ஜினில் லோகோ பைலட்டும் உதவியாளரும் எதிரே வரும் ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்லி, ஒருவருக்கொருவர் உறுதி செய்துகொள்கிறார்கள். பெட்டி முழுதும் உறங்கும்போது இவர்கள் கண் மூடுவதில்லை. பழைய வண்டிகளில் தாலாட்டுப்போல் கேட்ட தடக்-தடக் ஓசை இப்போது குறைந்துவிட்டதற்கும் காரணம் உண்டு. முன்பு சிறு சிறு துண்டுகளாகப் பூட்டியிருந்த தண்டவாளங்களை இன்று நீளமாகப் பற்றவைத்துவிட்டார்கள். சக்கரம் தட்டிச்செல்ல இடைவெளிகள் அதிகம் இல்லை.

லால்குடி தாண்டியதும் கொள்ளிடம், ஸ்ரீரங்கத்தீவு, உடனே காவிரி. பாலத்தின் இரும்பு ஒலி மாறுவதைக் கேட்டே கண்ணைத் திறக்காமல் திருச்சி வந்துவிட்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். திருச்சியில் நள்ளிரவு தாண்டிய நேரத்திலும் பிளாட்பாரத்தில் டீ கிடைக்கும். அங்கிருந்து மணப்பாறை, திண்டுக்கல். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் கொடை ரோட்டில் இறங்க வேண்டும். வண்டி அங்கே சில நிமிடமே நிற்கும் என்பதால், கைபேசியில் அலாரம் வைத்து முன்கூட்டியே மூட்டையோடு கதவருகே வந்து நிற்பது அவசியம். கிழக்கே சிறுமலையின் இருட்டு வடிவம் மெல்லத் தெரியத் தொடங்கும்போது சோழவந்தான் பக்கத்து வயல்கள். கடைசியாக வைகை. பெரும்பாலும் மணலும் நாணலுமாகக் கிடக்கும் அந்த ஆற்றைத் தாண்டியதும் மதுரை ஜங்ஷன். வாசலில் இறங்கி நேரே நடந்தால் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான்.

இவ்வளவுக்கும் ஸ்லீப்பர் கட்டணம் ரூ.400க்குள் முடிந்துவிடுகிறது. மூன்றடுக்கு ஏ.சி.க்கு அதைப்போல் இரண்டரை மடங்கு. பண்டிகை நேரத்து ஆம்னி பஸ் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஜவுளிக்கடை ஊழியர், ஓட்டல் தொழிலாளி, போட்டித் தேர்வெழுதப் போகும் பிள்ளை, சிகிச்சைக்குச் சென்னை வரும் குடும்பம் என எல்லோரும் படுத்துக்கொண்டு போக முடிகிற ஒரே வாகனம் இந்த ஸ்லீப்பர் பெட்டிதான். ஆனால் அண்மை ஆண்டுகளில் பல வண்டிகளில் ஸ்லீப்பர் பெட்டிகளைக் குறைத்து, அந்த இடத்தில் மூன்றடுக்கு ஏ.சி. பெட்டிகளைச் சேர்த்து வருகிறார்கள். மிஞ்சிய ஸ்லீப்பரில் கூட்டம் நெரிகிறது, டிக்கெட் கிடைக்காதவர்கள் முன்பதிவில்லாப் பெட்டியில் இரவெல்லாம் நின்றபடி போகிறார்கள். ஏ.சி. பெட்டி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கென்று கூடுதல் வண்டி விடட்டும். ஸ்லீப்பர் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்ட வேண்டாம்.